‘நல்லாத்தான் செஞ்சேன்’ என்று சொல்லலாமே!



சென்ற மாதம் டெல்டா பக்கத்திலிருந்து ஒரு வாசகி கடிதம் எழுதியிருந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். பிள்ளைகள் இருவரும் படித்து முடித்து வேலைக்குப் போய்விட்டார்கள். சாயங்கால நேரத்தில் தெருப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறார். ‘என்னைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. செய்ய வேண்டியதைச் சரியாகத்தான் செய்திருக்கிறேன் என்று தோன்றுகிறது. இதைச் சொன்னால் நாத்தனார் கர்வம் என்கிறார். என் மகளோ, உனக்கு முன்னேறணும்னு ஆசையே கிடையாதா அம்மா என்கிறாள். இப்படி நினைப்பது தப்பா?’ என்று கேட்டிருந்தார்.

கேள்வி ஒரு வரிதான். ஆனால் அலுவலகத்தில் கடிதத்தைப் படித்த ஒவ்வொருவரும் தங்கள் வீட்டுக் கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். அதனால் இந்த மாதப் பக்கம் அவருக்காக. அவரைப்போல் மனதுக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்காகவும்தான்.

தப்பே இல்லை, சகோதரி.

நம் வீடுகளில் நடப்பதைப் பாருங்கள். விருந்துக்கு வந்தவர், “வத்தக்குழம்பு பிரமாதம்” என்பார். பரிமாறிக்கொண்டிருக்கும் வீட்டுக்காரம்மா உடனே, “இல்லீங்க, இன்னிக்குப் புளி கொஞ்சம் தூக்கலாப் போச்சு” என்பார். “புடவை நல்லாயிருக்கே” என்றால், “அட, இது ஆடித் தள்ளுபடியில எடுத்த பழைய புடவை.” “பையன் நல்லாப் படிக்கிறானாமே?” “எங்கேங்க, எப்பப் பாரு கையில போன்தான்.” நல்லபடியாகத்தான் இருக்கிறோம் என்றாலும், யாராவது நலம் விசாரித்தால் “ஏதோ ஓடுது” என்றுதான் வாயில் வரும்.

அடக்கம் நல்ல பழக்கம். பெரியவர்கள் சொல்லிக்கொடுத்தது. கண் பட்டுவிடுமோ என்ற பயமும் கொஞ்சம் சேர்ந்திருக்கும். வெளியாருக்குச் சொல்லும் பதிலோடு அது நின்றுவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் இருபது முப்பது வருஷம் இதையே சொல்லிச் சொல்லி, ஒரு கட்டத்தில் நாமே அதை நம்ப ஆரம்பித்துவிடுகிறோம். குழம்பு நன்றாக வந்திருக்கிறது என்று நாக்குக்குத் தெரியும், மனசு ஒப்புக்கொள்ளாது. யாராவது வாய் திறந்து சொன்னால்தான் உண்டு. சொல்ல ஆள் இல்லாத நாளில், பாடுபட்டுச் செய்த வேலைகூடச் செய்யாத கணக்கில் போய்விடுகிறது.

மார்கழியில் கோலம் போடுகிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? விடிவதற்கு முன்பே எழுந்து, வாசல் தெளித்துப் பெருக்கி, 15 புள்ளியில் தொடங்கி 8 வரை இடுக்குப்புள்ளி வைத்து, குனிந்த தலை நிமிராமல் இழை பிசகாமல் இழுத்து முடிப்பார்கள். முடித்த கையோடு உள்ளே போய்விட மாட்டார்கள். இரண்டடி பின்னால் தள்ளி நின்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, முழுக் கோலத்தையும் ஒருமுறை பார்ப்பார்கள். ஓரத்தில் எங்காவது கோடு மெலிந்திருந்தால் மறுபடி ஒரு சிட்டிகை மாவு. அதன்பிறகுதான் கோலமாவுக் கிண்ணத்தை எடுப்பார்கள். தெருவில் அப்போது ஒரு ஆள் இருக்காது. எட்டு மணிக்குள் எத்தனையோ வண்டிகள் அதன்மேல் போய்விடும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் அந்த ஒரு பார்வையை விடுவதில்லை.

தன்னில் தானே திருப்தி என்று நான் நினைப்பது அந்தப் பார்வையைத்தான்.

அது கோலத்தோடு முடிவதில்லை. நல்ல டெய்லர் லைனிங் பிளவுஸைத் தைத்து முடித்ததும் உள்பக்கம் திருப்பிப் பார்ப்பார். வாங்குகிறவர் உள்தையலைப் பார்க்கப் போவதில்லை, ஆனாலும் பிசிறு இருந்தால் அவருக்கு ஆகாது. வேலை தெரிந்த மேஸ்திரி பூசிய சுவரில் ரசமட்டம் வைத்துப் பார்த்த பிறகும், உள்ளங்கையால் ஒருமுறை தடவிவிட்டுத்தான் சாரத்திலிருந்து இறங்குவார். வீட்டு ஓனர் பக்கத்தில் இருக்கிறாரா, பாராட்டுகிறாரா என்பதெல்லாம் அந்த நேரத்தில் அவர் நினைவில் இருக்காது. ‘சரியா வந்திருக்கு’ என்று அவருக்குத் தெரிந்தால் போதும்.

இப்போது கோலம் போட்டதும் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் வைக்கிறோம். எனக்கு அதில் மகிழ்ச்சியே. மார்கழி முழுக்க வாசகிகள் அனுப்பும் கோலங்களை ஒன்றுவிடாமல் பார்க்கிறேன். பிறர் ரசிக்கக் கொடுப்பது நல்ல குணம். ஆனால் தள்ளி நின்று பார்க்கும் முன்பே கை போனுக்குப் போகிறதா? அப்படிப் போனால், யார் பார்த்தார்கள், யார் பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை என்று அடுப்படிக்கும் ஹாலுக்கும் நடந்துகொண்டே இருப்போம். இட்லி வேகிறதோ இல்லையோ, மனசு வெந்துகொண்டிருக்கும்.

பேஸ்புக்கில் லைக் பட்டன் வந்தது 2009ல். அந்த எண்ணிக்கையைப் பார்த்து மனம் வாடுகிறவர்கள் பற்றி உலகம் முழுக்கப் பேச்சு எழுந்தபிறகு, 2021ல் பேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் வேண்டுமானால் லைக் எண்ணிக்கையை மறைத்துக்கொள்ளும் வசதியைக் கொடுத்தன. செட்டிங்ஸில் இருக்கிறது. அதைத் தேடிப் போய் மாற்றியவர்கள் நம்மில் எத்தனை பேர்?

ஒப்பிடுவது மனிதர்களின் இயல்புதான், அதற்காக யாரையும் குறை சொல்ல முடியாது. லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற உளவியலாளர் 1954லேயே இதைப் பற்றி எழுதினார். நம்மை எடைபோட வேறு அளவுகோல் இல்லாதபோது மற்றவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்கிறோம், அதுவும் கிட்டத்தட்ட நம்மைப் போலவே இருப்பவர்களோடுதான் ஒப்பிடுகிறோம் என்பது அவர் சொன்னது. நம் வீடுகளைப் பார்த்தால் இது எவ்வளவு உண்மை! 2024 ஜூலையில் மும்பையில் நடந்த அம்பானி வீட்டுக் கல்யாணத்தை டிவியில் பார்த்தோம், நகைகளைப் பற்றிப் பேசினோம், தூங்கப் போனோம். யார் தூக்கமும் கெடவில்லை. ஆனால் சித்தப்பா மகன் புறநகரில் ஒரு ஃப்ளாட் வாங்கி, கிரகப்பிரவேசப் பத்திரிகை வைத்துவிட்டுப் போன ராத்திரி? கணவனும் மனைவியும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுத்திருப்பார்கள். அதுவரை காற்றோட்டமாகத் தெரிந்த வாடகை வீடு திடீரென்று இடுக்கமாகிவிடும். சித்தப்பா மகனுக்கு எத்தனை வருஷ இ.எம்.ஐ. இருக்கிறது என்பது பத்திரிகையில் அச்சாகியிருக்காது.

ப்ளஸ் டூ ரிசல்ட் விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் மாநில முதலிடம், மாவட்ட முதலிடம் என்று மறுநாள் பேப்பர் முழுக்கப் போட்டோக்கள் வரும். பிள்ளைகளுக்கு ஏற்படும் மன அழுத்தத்தைக் கருதி, 2017ல் தமிழக அரசு அந்த ரேங்க் அறிவிப்பை நிறுத்தியது. நல்ல முடிவு. ஆனால் அரசு நிறுத்தியதை நாம் நிறுத்தினோமா? ரிசல்ட் வந்த அரை மணி நேரத்தில் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் மார்க் ஷீட்கள் வரிசைகட்டுகின்றன. அத்தை மகள் எவ்வளவு, கீழ் வீட்டுப் பையன் எவ்வளவு. 480 எடுத்த பிள்ளை, தன் மார்க்கைப் பார்த்துச் சந்தோஷப்படக் கிடைத்த நேரம் அந்த அரை மணிதான். அதன்பிறகு அது ‘அவளைவிட 30 குறைச்சல்’.

இப்படி ஒப்பிடுவதைப் பற்றி ஒரு வேடிக்கையான ஆராய்ச்சி உண்டு. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் பதக்கம் வென்றவர்களின் முகங்களை வீடியோவில் காட்டி, யார் முகத்தில் எவ்வளவு மகிழ்ச்சி தெரிகிறது என்று பார்வையாளர்களை மதிப்பிடச் சொன்னார்கள். 1995ல் முடிவு வெளியானது. வெள்ளி வென்றவர்களைவிட வெண்கலம் வென்றவர்கள்தான் அதிக மகிழ்ச்சியாகத் தெரிந்தார்கள்! வெள்ளிக்காரர் கைநழுவிய தங்கத்தை நினைக்கிறார், வெண்கலக்காரரோ பதக்கமே கிடைக்காமல் போயிருக்கக்கூடுமே என்று நினைக்கிறார் என்பது ஆராய்ச்சியாளர்கள் தந்த விளக்கம்.

இதைப் படித்தபோது எனக்குச் சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு நினைவுக்கு வந்தார். ஐந்து வயதில் பஸ் ஏறி வலதுகால் நசுங்கியது. 2016 ரியோ பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். டோக்கியோவில் 1.86, வெள்ளி. 2024 பாரிஸில் 1.85, வெண்கலம். தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று படித்தால் இறங்கிக்கொண்டே போவதுபோல் தோன்றும். அன்றைக்குப் பல வீடுகளில், “இந்த வாட்டி வெண்கலம்தானா?” என்று கேட்டிருப்பார்கள். ஆனால் தொடர்ந்து மூன்று பாராலிம்பிக்கில் பதக்கம் வென்ற முதல் இந்தியர் அவர்தான். எட்டு வருஷம் உடம்பைக் காப்பாற்றி, ஒவ்வொரு முறையும் உலகின் முதல் மூன்று பேரில் ஒருவராக நின்றிருக்கிறார். அவர் மனதில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியாது. கேட்க வேண்டியது நம்மைத்தான். அதே மூன்று பதக்கங்களை இறங்குமுகம் என்று படிக்கவும் முடிகிறது, எந்த இந்தியரும் அதுவரை செய்யாத சாதனை என்று படிக்கவும் முடிகிறது. நம் சொந்த வாழ்க்கையை நாம் எப்படிப் படிக்கிறோம்?

நாத்தனார் சொன்ன கர்வத்துக்கு வருகிறேன். மாரிஸ் ரோசன்பர்க் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், நியூயார்க் மாநிலத்தின் 10 பள்ளிகளில் படித்த 5,024 மாணவர்களை வைத்து ஆராய்ந்து, 1965ல் ஒரு நூல் வெளியிட்டார். ஒருவர் தன்னை எவ்வளவு மதிக்கிறார் என்று அறிய அவர் தயாரித்த 10 வாக்கியங்கள் இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுகின்றன. என்மீது எனக்குத் திருப்தி இருக்கிறதா என்பது அதில் ஒன்று. மற்றவர்களுக்குச் சமமான மதிப்பு எனக்கும் உண்டா என்பது இன்னொன்று. மற்றவர்களைவிட நான் உசத்தியா என்ற கேள்வி அதில் கிடையவே கிடையாது. தன்னை உயர்த்தி வைப்பது வேறு, நான் நானாக இருப்பது போதுமானது என்று உணர்வது வேறு என்பதில் அவர் தெளிவாக இருந்தார். கர்வத்துக்கு எப்போதும் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும், அவரைவிட ஒரு படி மேலே நிற்க வேண்டும். நம் வாசகி தன் கடிதத்தில் யாரையுமே தனக்குக் கீழே வைக்கவில்லை.

இனி மகள் கேட்ட கேள்வி. இதைக் கொஞ்சம் நிதானமாகவே பேச வேண்டும். ஏனென்றால் அந்தப் பெண்ணின் கோபத்தில் ஒரு நியாயம் இருக்கிறது.

‘இருக்கிறதை வெச்சுத் திருப்தியா இரு’ என்ற வாக்கியத்தை நம் வீடுகளில் யார் யாருக்குச் சொல்லியிருக்கிறார்கள்? பெரும்பாலும் பெண்களுக்கு. படிப்பை நிறுத்தியபோது, கிடைத்த வேலைக்குப் போகவிடாதபோது, பிறந்த வீட்டுச் சொத்தில் பங்கு கேட்டபோது. தம்பி இன்ஜினீயரிங் படிக்க, அக்காவைத் தட்டச்சோடு நிறுத்தி, ‘உனக்கென்னடி குறை’ என்று கேட்ட தலைமுறை ஒன்று உண்டு. அப்படிச் சொன்ன திருப்தி, வாயை மூடுவதற்காகக் கொடுத்த மிட்டாய். இன்றைய பெண்கள் அதைத் துப்பிவிட்டால் நான் அவர்கள் பக்கம்தான்.

தன்மீது திருப்தி இருப்பதும், தனக்கு நடப்பதை எல்லாம் பொறுத்துக்கொள்வதும் ஒன்றா? எனக்குத் தெரிந்து நேர் எதிர். தன் வேலையின் மதிப்பு தனக்குத் தெரிந்தவர்தான், ‘இந்தச் சம்பளம் பத்தாது சார்’ என்று நிமிர்ந்து நின்று கேட்கிறார். தான் எதற்கும் லாயக்கில்லை என்று நம்பிக்கொண்டிருப்பவர், கொடுத்ததை வாங்கிக்கொண்டு நன்றி சொல்லிவிட்டுப் போகிறார்.

வீட்டு வேலையில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். மத்திய அரசு 2019ல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலைகளைச் செய்யும் பெண்கள் அதற்காக ஒரு நாளில் சராசரியாகச் செலவிடுவது 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம். பெண்களுக்குத் தினமும் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம்! இந்த வேலைக்கு மார்க் போட ஆள் கிடையாது, இன்க்ரிமென்ட் கிடையாது. இன்று துலக்கிக் கவிழ்த்த பாத்திரம் நாளைக்குக் காலையில் மறுபடி தொட்டியில் கிடக்கும். ஆனாலும், “என்ன பண்றீங்க?” என்று யாராவது கேட்டால், “வேலைக்கெல்லாம் போகலைங்க, வீட்ல சும்மாதான் இருக்கேன்” என்கிறோம்.

சும்மாவா? 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு சொத்து வழக்கில் தீர்ப்பு சொன்னது. கணவர் வெளிநாட்டில் சம்பாதித்தபோது வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்ட மனைவிக்கு, அந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தில் சம பங்கு உண்டு என்றது. வீட்டில் இருக்கும் பெண் நிர்வாகம் பார்க்கிறார், சமைக்கிறார், வைத்தியம் பார்க்கிறார், வரவுசெலவைக் கவனிக்கிறார், அவருக்கு விடுமுறை நாளே கிடையாது என்பதையெல்லாம் அந்தத் தீர்ப்பு எடுத்துச் சொன்னது. அதே வருஷம் செப்டம்பரில் தொடங்கிய மாதம் 1,000 ரூபாய்த் திட்டத்துக்கும் மகளிர் உரிமைத் தொகை என்றுதான் பெயர் வைத்தார்கள். நீதிபதிக்குத் தெரிகிறது, அரசுக்குத் தெரிகிறது. செய்கிற நமக்குத் தெரிய வேண்டாமா?

வாசகியின் மகளுக்கு ஒரு வார்த்தை. அம்மா தன்னைப் பற்றித் திருப்தியாக இருப்பதால் உன் ஆசைகளுக்கு எந்தத் தடையும் இல்லை, கண்ணு. நீ வெளிநாட்டுக்குப் போ, கம்பெனி ஆரம்பி. அம்மாவுக்கும் புது ஆசைகள் வரலாம். அறுபதில் கார் ஓட்டக் கற்றுக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் தன்மேல் உள்ள கோபத்தில் ஓடுகிறவருக்கு எந்த ஊர் வந்தாலும் இறங்கத் தோன்றாது. உன் அம்மா எங்கே நிற்கிறோம் என்று தெரிந்து நிற்பவர். அடுத்து எங்கே போவது என்று அவரிடம் யோசனை கேட்டுப் பார்.

ஆண்களையும் விட்டுவிட முடியாது. தன்மேல் வரும் அதிருப்தி அவர்களுக்குப் பெரும்பாலும் ஐம்பத்தைந்துக்கு மேல் வருகிறது. அவருக்கு ஜூனியராக இருந்தவர் மேனேஜராகிவிட்டார், நண்பர் இரண்டாவது வீடு கட்டிவிட்டார். ரிட்டயர் ஆகும் நாளில் மாலை, சால்வை, சுவர்க்கடிகாரம். மறுநாள் காலை குளித்துவிட்டு எங்கே போவது என்று தெரியாது. முப்பது வருஷம் லஞ்சம் வாங்காமல் ஒரு சீட்டில் உட்கார்ந்திருந்தார், வயதான அப்பா அம்மாவைக் கடைசிவரை வைத்துப் பார்த்தார், தங்கைகளுக்குக் கல்யாணம் செய்துவைத்தார். பயோடேட்டாவில் எழுத இடமில்லாத காரியங்கள். அதையெல்லாம் அவர் தன் கணக்கில் சேர்ப்பதே இல்லை. வீட்டில் இருக்கும் நாமாவது ஒருநாள் அவரை உட்காரவைத்து எடுத்துச் சொல்லலாம்.

தன்மீது திருப்தி கொள்வதைப் பிள்ளைகளுக்குத் தனியாகப் பாடமெடுக்க முடியாது. நாம் நம்மைப் பற்றி என்ன பேசுகிறோம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டுதான் வளர்கிறார்கள். ‘நான் ஒரு மக்கு’, ‘எனக்கு எங்கே இதெல்லாம் வரும்’ என்று அம்மா தினமும் சொன்னால், மகள் தன்னைப் பற்றி வேறு எப்படி நினைப்பாள்? பள்ளியிலிருந்து வந்ததும் ‘எத்தனை மார்க்’ என்று கேட்கும் முன், ‘நீ எழுதினது உனக்குத் திருப்தியா இருந்துச்சா’ என்று கேட்டுப் பாருங்கள். முதலில் முழிப்பார்கள். கொஞ்ச நாளில், ‘கணக்கு நல்லா எழுதினேம்மா, இங்கிலீஷ்ல அவசரப்பட்டுட்டேன்’ என்று அவர்களாகவே பிரித்துச் சொல்ல ஆரம்பிப்பார்கள். எந்த டியூஷன் சென்டரிலும் இது கிடைக்காது.

ஆகவே உங்களிடம் ஒன்று கேட்கிறேன். யாரும் பார்க்காமல், யாரும் பாராட்டாமல், நீங்கள் நன்றாகச் செய்த ஒரு காரியத்தைப் பற்றி எங்களுக்கு எழுதுங்கள். மாமியாரின் மருந்து வேளை தவறாமல் பார்த்துக்கொண்டதாக இருக்கலாம், வாங்கிய கடனைச் சொன்ன தேதியில் அடைத்ததாக இருக்கலாம், மொட்டை மாடியில் வளர்த்த பாகற்கொடியாகவும் இருக்கலாம். ஒரு தபால் கார்டு போதும், பெரிதாக எழுத வேண்டியதில்லை. ‘பெரிசா ஒண்ணும் இல்ல’ என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். பெயர் வேண்டாம் என்றால் போடமாட்டோம். வரும் கடிதங்களுக்காக அடுத்த இதழில் இரண்டு பக்கம் ஒதுக்கிவைத்திருக்கிறோம். முதல் கடிதம் வாசகியின் நாத்தனாரிடமிருந்து வந்தால் ரொம்பவே சந்தோஷப்படுவேன்.

அன்புடன்,
ஆசிரியர்